பேராசிரியர் லொம்பார்டோவை மறுபடி வகுப்புக்கு அழையுங்கள்: ‘தி சிம்ப்சன்ஸ்’ எழுத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்க அனிமேஷன் தொடரின் எழுத்தாளர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கற்பனை ஊரான ஸ்பிரிங்ஃபீல்டின் சமுதாயக் கல்லூரியில் ஓவியம் கற்பித்த பேராசிரியர் லொம்பார்டோவை உங்களில் எத்தனை பேருக்கு இன்று நினைவிருக்கும் என்பது ஐயமே. இரண்டாம் சீசனின் பதினெட்டாவது அத்தியாயமாக, 1991 ஏப்ரல் 11 அன்று ஒளிபரப்பான ‘பிரஷ் வித் கிரேட்னஸ்’ கதையில் அவர் வந்தார், மார்ஜ் சிம்ப்சனின் படத்தைப் பாராட்டினார், போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நடுவில் வைத்து நீங்கள் கதை எழுதவில்லை. அவரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தாமதமாகக் கேட்கிறேன் என்பது உண்மைதான். ஆனால் தாமதமாக வரும் கடிதங்களுக்கு அந்த அத்தியாயத்திலேயே நீங்கள் ஒரு தனி மரியாதை கொடுத்திருக்கிறீர்கள் என்பதால், பொறுத்துக்கொள்வீர்கள் என்ற துணிவு எனக்கு இருக்கிறது.

மறந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீர் விளையாட்டுப் பூங்காவின் சறுக்குக் குழாயில் சிக்கிக்கொண்டு ஊர் சிரிக்க நேர்ந்த மார்ஜின் கணவர் ஹோமர், உடம்பை இளைக்கச் செய்வதென்று சபதம் எடுக்கிறார். பழைய உடற்பயிற்சிச் சாமான்களுக்காகப் பரணைக் குடையும்போது, மார்ஜ் பள்ளி நாட்களில் வரைந்த, பீட்டில்ஸ் இசைக்குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் உருவப்படங்கள் வெளியே வருகின்றன. அந்தப் படங்களை அன்றைய ஓவிய ஆசிரியர் மட்டம் தட்டியிருக்கிறார். ரிங்கோவுக்கே ஒரு படத்தை அனுப்பிவைத்தும் பதில் வராமல் போக, தூரிகையை மூட்டை கட்டிவிட்டவர் மார்ஜ். மகள் லீசாவின் தூண்டுதலால் அவர் மறுபடி வகுப்பில் சேர்கிறார். லொம்பார்டோவின் மாணவி ஆகிறார். உள்ளாடையோடு சோபாவில் உறங்கும் ஹோமரை அவர் வரைந்த படம் கண்காட்சியில் பரிசு பெறுகிறது. அந்தப் பெயர்தான் ஹோமரின் முதலாளியான மிஸ்டர் பர்ன்ஸைத் தன் உருவப்படம் வேண்டும் என்று அவருடைய வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது.

இதில் லொம்பார்டோவின் பங்கு என்ன? நீங்கள் அவரை ஒரு கேலியாகத்தான் படைத்தீர்கள். எதைக் கண்டாலும் ‘ஆஹா, ஓஹோ’ என்பவர். மாணவர்களின் படங்களைப் பாராட்டிக்கொண்டே வருபவர், கைப்பிடிக் கம்பிக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கும் தொழிலாளியையும் அதே குரலில், அதே உருக்கத்தோடு பாராட்டிவிட்டுப் போகிறார். அந்த ஒரு நொடியில் அவர் அதுவரை சொன்ன பாராட்டுகள் எல்லாம் செல்லாக் காசாகிவிடுகின்றன. நல்ல நகைச்சுவை, நானும் சிரித்தேன். மார்ஜுக்குக் கிடைத்த புகழ்ச்சிக்கும் இரும்புக் கம்பிக்குக் கிடைத்த புகழ்ச்சிக்கும் வித்தியாசம் இல்லையென்றால், மார்ஜின் திறமை என்னதான் ஆனது என்ற கேள்வியைப் பார்வையாளரின் காதில் போட்டுவிட்டு, அதற்குப் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடும் சாமர்த்தியம் அதில் இருக்கிறது.

ஆனால் அதே அத்தியாயத்தில் இன்னொருவர் இருக்கிறார். அவரை நீங்கள் கேலி செய்யவில்லை. ரிங்கோ ஸ்டார், தன் சொந்தக் குரலிலேயே, தனக்கு வந்த ரசிகர் கடிதங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். மெனக்கெட்டு எழுதியவர்கள் அத்தனை பேருக்கும், இன்னும் இருபது ஆண்டுகள் ஆனாலும், பதில் எழுதியே தீருவேன் என்று தன் பணியாளரிடம் சொல்கிறார். மார்ஜின் படம் அவருடைய சுவரில் தொங்குகிறது. நீ நல்ல ஓவியர் என்று அவர் எழுதிய கடிதம், பர்ன்ஸின் வசவுகளைத் தாங்க முடியாமல் மார்ஜ் வேலையைக் கைவிடத் துணிந்த நேரத்தில் வந்து சேர்கிறது, பர்ன்ஸின் ஓவியம் முடிகிறது. குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பழமொழி. விரல் நிறைய மோதிரம் அணிந்ததாலேயே ரிங்கோ என்று பெயர் பெற்றவரின் கையால் மார்ஜுக்குக் கிடைத்ததோ குட்டு அல்ல, பாராட்டு.

சற்றே நிதானித்துப் பார்த்தால், ரிங்கோவும் லொம்பார்டோவும் செய்தது ஒரே காரியம். ஒருவர் தன் வகுப்புக்கு வந்த எல்லோரையும் பாராட்டுகிறார். மற்றவர் தனக்கு எழுதிய எல்லோருக்கும் பதில் போடுகிறார். இருவரும் பொறுக்கியெடுப்பதில்லை. அப்படியிருக்க முதலாமவர் கோமாளியாகவும் இரண்டாமவர் பெரிய மனிதராகவும் நம் கண்ணுக்குத் தெரிவது ஏன்? ரிங்கோ உலகப் புகழ் பெற்றவர் என்பது ஒரு பதில். அது சோம்பேறித்தனமான பதில். சரியான பதில் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் ஹாம்பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் கிடைக்குமா என்று பள்ளிச் சிறுமியான மார்ஜ் கேட்டிருந்த கேள்விக்கு, கிடைக்கும், ஆனால் வறுவலை நாங்கள் சிப்ஸ் என்போம் என்று அவர் பொறுப்பாகப் பதில் எழுதியிருக்கிறார். சிரிப்புக்காக வைத்த வரிதான். என்றாலும், அந்தக் கடிதத்தை அவர் கடைசி வரி வரை படித்தார் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. பொதுவான பாராட்டுக்குப் பக்கத்தில் அப்படியொரு சின்ன விவரம் வந்து உட்கார்ந்ததும் பாராட்டுக்கு எடை கூடிவிடுகிறது. லொம்பார்டோவுக்கு நீங்கள் தராமல் விட்டது அந்தச் சிப்ஸ் வரியைத்தான்.

இதை நான் ஏட்டறிவால் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் வீட்டு முன்னறையில் ஆறேழு பெரியவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் பணி ஓய்வு பெற்ற ஓர் அம்மா, தேர்வறையில் பக்கத்துப் பிள்ளை பார்த்துவிடாதபடி மறைப்பதைப் போல, இடக்கையை வளைத்துத் தாளை மூடிக்கொண்டேதான் வரைவார். எட்டாம் வகுப்பில் அவர் வரைந்த பானையை ஓவிய ஆசிரியர் உயர்த்திப் பிடித்து, இது பானையா பூசணிக்காயா என்று வகுப்பைக் கேட்டாராம். அதற்குப் பின் பென்சிலை அவர் கோலப் புள்ளி வைக்கக்கூட எடுத்ததில்லை. ‘ரொம்ப நன்றாக இருக்கிறது அம்மா’ என்று நான் நான்கு வாரம் சொல்லிப் பார்த்தேன், கை நகரவில்லை. ஐந்தாவது வாரம் பித்தளைச் சொம்பை வைத்து வரைந்தபோது, சொம்பின் கழுத்துக்குக் கீழே விழும் நிழலை மட்டும் அவர் சரியாகப் பிடித்திருந்தார். வாய் கோணல், அடி ஒரு பக்கம் தூக்கல், நிழல் மட்டும் அசல். அதை விரலால் தொட்டுக் காட்டி, இந்த நிழல் எனக்கே இவ்வளவு லேசாக வராது என்றேன். அவர் கையை எடுத்துவிட்டு, தாளை என் பக்கம் திருப்பிவைத்தார். அந்த நான்கு வாரமும் நான் லொம்பார்டோவாக இருந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் மேல் ஒரு பாசம் வந்ததும் அதனால்தான்.

அந்த நான்கு வாரம் வீண் என்றும் சொல்ல மாட்டேன். முதல் வாரமே குறை சொல்லியிருந்தால் அந்த அம்மா இரண்டாம் வாரம் வந்திருக்க மாட்டார். மார்ஜின் பள்ளி ஆசிரியர் சில வார்த்தைகளில் மூடிய கதவு எத்தனையோ ஆண்டுகள் மூடியே கிடந்தது. அதைத் திறக்கச் சரியான சாவி தேவைப்படவில்லை. யாராவது ஒருவர் ஓங்கித் தள்ளினால் போதுமாக இருந்தது. லொம்பார்டோ தள்ளினார். எந்தக் கதவு, எந்தப் பக்கம் திறக்கும் என்றெல்லாம் பார்க்காமல் கண்ணில் பட்ட கதவையெல்லாம் தள்ளிக்கொண்டு போகிறவர் என்பதால், மார்ஜுடையதும் திறந்துகொண்டது.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். அத்தியாயத்தின் முடிவில் திரை விலகி, அம்மணமாக, எலும்பும் தோலுமாக, கூனிக் குறுகி நிற்கும் பர்ன்ஸின் படத்தைப் பார்த்து ஊர் திடுக்கிடும்போது மார்ஜ் சொல்லும் விளக்கம் என்ன? இந்தக் கொடிய மனிதரும் நம்மைப் போல நொறுங்கக்கூடிய உடம்பு உடையவர், ஒரு நாள் இல்லாமல் போகப்போகிறவர் என்பது. யாரிடமும் ஏதோ ஒன்று நேசிக்கத்தக்கதாக இருக்கும் என்று நம்பித் தேடுகிற மனம் அது. எதிலும் அழகைக் கண்டுவிடும் லொம்பார்டோவின் ‘குறை’யும் அதுதானே! அவரிடம் அது வாய்ப்பழக்கமாக நின்றது. மார்ஜிடம் அது கண்ணின் வேலையாக மாறியது. இகழ்வதுபோலப் புகழ்வதை வஞ்சப்புகழ்ச்சி என்று எங்கள் அணியிலக்கணம் சொல்கிறது. அந்தப் படம் அதற்குத் தூரிகையில் கிடைத்த நல்ல உதாரணம். தான் கலை விமர்சகர் அல்லர், ஆனாலும் எதை வெறுப்பது என்று தனக்குத் தெரியும், இதை வெறுக்கவில்லை என்று பர்ன்ஸ் சொல்லும் அந்தக் கஞ்சத்தனமான பாராட்டு, லொம்பார்டோவின் வாரியிறைப்புக்கு நேர் எதிர்முனையில் இருக்கிறது. பிரையன் கே. ராபர்ட்ஸ் எழுதி ஜிம் ரியர்டன் இயக்கிய அந்த இருபத்துச் சொச்சம் நிமிடங்களுக்குள் பாராட்டின் இத்தனை வகைகள் இருக்கின்றன. ஆசிரியரை மட்டும் சிரிப்புக்கு விட்டுவிட்டீர்கள்.

லொம்பார்டோவுக்குக் குரல் கொடுத்த ஜான் லோவிட்ஸை நீங்கள் பயன்படுத்தியிருக்கும் விதத்தைப் பார்த்தால், அது தற்செயலா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. அதே 1991 ஜனவரியில், பள்ளி நடன விருந்துக்கு மார்ஜை அழைத்துப்போகும் ஆர்ட்டி ஸிஃப் அவர்தான். 1992 அக்டோபரில் ஒளிபரப்பான ‘அ ஸ்ட்ரீட்கார் நேம்டு மார்ஜ்’ அத்தியாயத்தில் நடிகர்களை வறுத்தெடுக்கும் நாடக இயக்குநர் லுவெலின் சின்க்ளேரும் அவரே. 1995 மார்ச்சில் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்த திரைப்பட விமர்சகர் ஜே ஷெர்மனும் அவர்தான். எல்லாவற்றையும் புகழும் ஆசிரியர், எதற்கும் திருப்தியடையாத இயக்குநர், தீர்ப்புச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட விமர்சகர் ஆகிய மூவருக்கும் ஒரே தொண்டை. இந்த மூவரில் முதல் இருவரிடமும் மார்ஜ் பயின்றிருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. சின்க்ளேரின் கடுமையால் மார்ஜ் நல்ல நடிகை ஆனார் என்று எண்ணுவோர் உண்டு. கதை அப்படிச் சொல்லவில்லை. இயக்குநர் எவ்வளவு கத்தியும் மார்ஜுக்கு மேடையில் கோபம் வரவே இல்லை. தின்பண்ட இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஹோமரைப் பார்த்த பிறகுதான் வந்தது. அந்த வகையில் பார்த்தால், தன் மாணவியிடமிருந்து உண்மையில் எதையாவது வெளியே கொண்டுவந்தவர் சிரிப்புக்குரிய லொம்பார்டோதான். சின்க்ளேருக்கு ஓர் அத்தியாயத்தின் பெரும்பகுதியைக் கொடுத்த நீங்கள் இவருக்குச் சில நிமிடங்களே கொடுத்தது, கடுமையாகப் பேசுகிறவர்களே விஷயம் தெரிந்தவர்கள் என்று நாம் எல்லோரும் வைத்திருக்கும் பழைய மயக்கத்தால் இருக்கலாம்.

கைப்பிடிக்கு வர்ணம் அடித்த அந்தத் தொழிலாளியைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். கோட்டுக்குள் ஒரே நிறத்தை, பிசிறில்லாமல், திட்டில்லாமல் பூசுவது கலையாகுமா என்பது அந்த நகைச்சுவையின் அடியில் இருக்கும் கேள்வி. அந்தக் கேள்வியை எழுப்பிய அனிமேஷன் சட்டகங்களே அப்படிப் பூசப்பட்டவைதாம். 1991இல் உங்கள் தொடர் செல் எனப்படும் கண்ணாடித் தாள்களில் உருவானது: முன்பக்கம் கோடு, பின்பக்கம் வர்ணம். சியோல் நகரின் ஏகாம் என்ற அனிமேஷன் நிறுவனத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் மார்ஜின் நீலக் கூந்தலையும் மஞ்சள் முகத்தையும் ஆயிரக்கணக்கான தாள்களில் கோடு தாண்டாமல் நிரப்பினார்கள். அந்த மஞ்சளையும் நீலத்தையும் முதலில் தேர்ந்தெடுத்தவரே எழுத்தாளரும் அல்லர், இயக்குநரும் அல்லர். அன்று உங்கள் தொடருக்கு அனிமேஷன் செய்த கிளாஸ்கி சூபோ நிறுவனத்தில் வர்ணப் பிரிவில் இருந்த ஜியோர்ஜி பெலூஸ் என்ற பெண்மணி. 2002 வாக்கில் கணினி வர்ணம் முழுமையாக வந்த பிறகு அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 2010 அக்டோபரில் தெருச்சுவர் ஓவியர் பேங்க்ஸி உங்களுக்கு வரைந்து தந்த தொடக்கக் காட்சியில், இருண்ட பட்டறையில் குனிந்து வர்ணம் பூசும் ஆசியத் தொழிலாளர்களைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கைப்பிடிக்காரர்தான் நினைவுக்கு வந்தார். பேங்க்ஸியின் கண்ணுக்கு அவர்கள் சுரண்டப்படும் கூட்டம். அது தேவையான கோபம். ஆனால் பெயர் தெரியாத ஒரு பூச்சுக்காரரின் அருகில் போய், உங்கள் வேலை அற்புதம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன பாத்திரம் உங்கள் தொடரில் ஒருவர்தான். அதை நீங்கள் அவருடைய முட்டாள்தனமாக எழுதினீர்கள்.

அவரை அழைத்திருக்க வேண்டிய நாள் ஒன்று வந்து போய்விட்டது என்ற வருத்தமும் எனக்கு உண்டு. 1999ஆம் ஆண்டு, அதே ஏப்ரல் 11, ‘மாம் அண்ட் பாப் ஆர்ட்’ ஒளிபரப்பாயிற்று. எட்டு ஆண்டுகள் கழித்து அதே தேதி. கட்டத் தெரியாமல் கட்டிய இறைச்சி சுடும் அடுப்பு ஹோமரைக் கலைஞராக்குகிறது. இசபெல்லா ரோசெல்லினியின் குரலில் பேசும் கலைக்கூட உரிமையாளர் ஒருவர் அதைக் கொண்டாடுகிறார். ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் தன் சொந்தக் குரலில் வந்து பல்பு திருடுகிறார். சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன், ஆனாலும் ஏதோ உறுத்திற்று. அந்த வீட்டில் ஓவியத்தை உண்மையாகக் கற்றவர் ஒருவர் இருக்கிறாரே, அவர் சமையலறைப் பக்கத்திலிருந்து கணவரின் கண்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருடைய ஆசிரியர் எங்கே போனார்? விபத்தாகக் கலைஞர் ஆனவருக்கும் கற்றுக் கலைஞர் ஆனவருக்கும் நடுவே, இரண்டையும் ஒரே குரலில் பாராட்டக்கூடிய லொம்பார்டோ வந்து நின்றிருந்தால், அவருடைய பாராட்டு முதல்முறையாக யாருக்காவது வலித்திருக்கும். மார்ஜ் முகம் சுண்டியிருக்கும். அவரும் அதைக் கவனித்திருப்பார். அப்படியொரு கதை கையருகே இருந்தும் நழுவிவிட்டது.

இனியும் நேரம் இருக்கிறது. நாற்பதாவது சீசன் வரை தொடர் நீட்டிக்கப்பட்டிருப்பதாக 2025இல் அறிவிப்பு வந்தது. ஓர் ஓவிய ஆசிரியருக்கு அதில் இடமில்லாமல் போகாது. ஆனால் அஞ்சுவதும் ஒன்று உண்டு. 2024 ஏப்ரலில், தொடக்கம் முதல் மோவின் மதுக்கடையில் ஓரமாக உட்கார்ந்திருந்த லாரிக்கு நீங்கள் ஓர் அத்தியாயம் கொடுத்தீர்கள். அவர் இறந்த பிறகு. அவருடைய சாம்பலைச் சுமந்துகொண்டு போகும் நண்பர்கள் அவரைப் பற்றித் தங்களுக்கு எதுவுமே தெரியாது என்று உணரும் கதை அது. நல்ல கதைதான், இருந்தாலும் சின்னப் பாத்திரங்களுக்கு முழுக் கதை கிடைக்க வேண்டுமானால் பாடை ஏறியாக வேண்டும் என்பது ஒரு வழக்கமாகிவிடக் கூடாது. லொம்பார்டோவின் அஞ்சலிக் கூட்டத்தில் பழைய மாணவர்கள் வரிசையாக வந்து கண்ணைத் துடைத்துக்கொள்வதை எழுதுவது மிக எளிது, தயவுசெய்து எழுதாதீர்கள். அவர் உள்ளுக்குள் போலி, வரையவே தெரியாதவர் என்று ஒரு திருப்பம் வைப்பதும் அதே அளவு எளிது, அதுவும் வேண்டாம்.

வேண்டுவது இதுதான். ஓவிய வகுப்புக்கு மார்ஜ் மறுபடி போகட்டும். லோவிட்ஸே குரல் கொடுக்கட்டும். பேராசிரியருக்கு வயதாகியிருக்கட்டும், பாராட்டும் வழக்கம் மட்டும் மாறாமல் இருக்கட்டும். அவர் வழக்கம்போல் வரிசையாகப் பாராட்டிக்கொண்டே வந்து, ஏதோ ஒரு படத்தின் முன் வாயடைத்து நிற்கட்டும். அந்தப் படம் நல்லதா, மோசமா என்பதை உங்கள் விருப்பத்துக்கே விடுகிறேன். அந்த மௌனத்தைக் கண்டு வகுப்பு முழுவதும் தூரிகையைக் கீழே வைத்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அத்தனை நாள் யாரும் பொருட்படுத்தாத பாராட்டு, நின்ற பிறகுதான் எல்லோர் காதுக்கும் கேட்கும். பிறகு அவர் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, படத்தின் ஏதோ ஒரு மூலையைச் சுட்டிக்காட்டி ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும். என்ன வாக்கியம் என்று எழுதுவது உங்கள் வேலை. அதை நான் சொல்லிக்கொடுக்க முடியாது.

காட்சியை எங்கே தொடங்குவது என்று யோசித்தால், கல்லூரி மாடிப்படி பொருத்தமாக இருக்கும். அந்தக் கைப்பிடியில் பூசிய வர்ணம் இத்தனை ஆண்டுகளில் உரிந்திருக்கும். மறுபடி பூச அதே ஆள் டப்பாவோடு வந்திருப்பார்.

இப்படிக்கு,
ஞாயிறு வகுப்பு நடத்தும் ஓர் ஓவிய ஆசிரியர்